கறுப்பு வெள்ளைத் திரையில் காணாமல் போன பென்சில்

அன்று காலை பத்து மணிக்கு என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது, "திரையைத் துடைங்க, குமிழைத் திருப்பாதீங்க" என்பதுதான். நான் உலர்ந்த துணியால் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் சாவியுமாக வாசலில் நின்றாள். "உத்தரவு மேடம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். பேருந்து நிறுத்தத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று பதினொன்றரைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அப்போதும் அந்தத் துணி என் கையில்தான் இருந்தது.

அந்த மானிட்டர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். அது அவள் ஒரே நாளில் துலக்கிய வழக்கு. நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது. "நான் ஆளைப் பிடிக்கிற இடம் எப்ப வரும்? அதுக்கு வாங்க" என்பாள். வருகிறேன்.

என் மனைவியைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பூதக்கண்ணாடி என்பார்கள். உண்மையில் அவளிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. கண்ணுக்கு மூக்குக்கண்ணாடிகூடக் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, வேலையை உதறி, எங்கள் வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். நான் உதவியாளன். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதால் எனக்குப் பை என்று பெயர் வந்தது. பூதக்கண்ணாடியும் பையும் தெருவில் வந்தால் தப்பு செய்யாதவர்கள்கூடச் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. திரை முடிவாகவில்லை. கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பும் வெள்ளையும் மட்டும் காட்டும். இன்னொன்று நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களையும் சேர்த்துப் பதினாறு படிகள் காட்டும். நான் சாம்பல் கட்சி. அவள் கறுப்பு வெள்ளைக் கட்சி.

"நம்ம வேலை என்னங்க? அறிக்கை அடிக்கிறது. எழுத்து கறுப்பு, தாள் வெள்ளை. கத்தி மாதிரி கூர்மையா இருக்கு, சட்டுனு நகருது. உங்க சாம்பல் திரையில ஒரு பக்கத்தைத் தள்ளிட்டு நான் குளிச்சுட்டே வந்துடலாம்."

"படம் பார்க்கலாமே."

"என்ன படம்?"

"உன் போட்டோவை ஸ்கேன் பண்ணி வைக்கலாம். கறுப்பு வெள்ளையில போட்டா பாதி மூஞ்சி கரி, பாதி மூஞ்சி சுண்ணாம்பு."

"நான்தான் நேர்லயே இருக்கேனே, பாத்துக்கோங்க" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. முப்பது வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணினேனா இல்லையானு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"பொதுவா, பண்ணலனு நிரூபிங்கனுதான் கேப்பாங்க" என்றேன் நான்.

"எனக்கே தெரியல சார். அதான் வந்தேன்."

பூதக்கண்ணாடி என்னைப் பார்த்த பார்வையில் நான் பையை மூடுவதுபோல வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அச்சகம் ஒரு மருந்து கம்பெனிக்கு இருமல் மருந்தோடு வைக்கும் சிறு துண்டுத்தாள்களை அச்சடித்துத் தருகிறது. கம்பெனியின் மேனேஜர் தட்டச்சு செய்த தாளை அனுப்புவார். போன மாதத் துண்டில் 'குழந்தைகளுக்கு 10 மில்லி' என்று அச்சாகிவிட்டது. இருக்க வேண்டியது 5. அதைப் படித்து மருந்து கொடுத்த வீட்டில் ஒரு மூன்று வயதுக் குழந்தை ஒன்றரை நாள் கண் விழிக்கவில்லை. பிழைத்துக்கொண்டது. துண்டுகளையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு மேனேஜர் வந்து மூலத் தாளைக் கேட்டிருக்கிறார். முதலாளி எடுத்துக் கொடுக்க, அதில் தட்டச்சு செய்த 10-ஐ அடித்துவிட்டு மேலே பென்சிலால் 5 என்று திருத்தம் இருந்தது.

"அந்தத் திருத்தம் நான் பாக்கவே இல்லக்கா. என் திரையில இல்ல. ஆனா தாள்ல இருக்கே. எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன்." உள்ளங்கையைப் புடவை மடிப்பில் துடைத்தாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேனேஜர் வர்றாரு. 'எங்கள் ஊழியரின் கவனக்குறைவு'னு முதலாளி கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரப்போறாரு. அது வெளிய போனா எந்த அச்சகத்துலயும் என்னை உள்ள விடமாட்டாங்க. அது போகட்டும். எட்டு நாளா கண்ணை மூடினா அந்தக் குழந்தைதான் தெரியுது. நான்தான்னா நான்தான்னு தெரிஞ்சாகணும்."

"பையை எடுங்க" என்றாள் பூதக்கண்ணாடி.

*

அச்சகத்து முதலாளிக்குச் சிக்கனம் என்று பெயர். அவரே அதைப் பட்டமாக நினைத்தார். அவர் மேஜையில் இருந்த குறிப்புத் தாள்கள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகுகள். அலமாரியைத் திறந்து மூலத் தாளை நீட்டினார். நான் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அறையில் மின்விசிறி ஓடாததால் அதை வைத்து விசிறிக்கொண்டேன். மொடமொடவென்று நல்ல காற்று வந்தது.

"சார், அது ஆதாரம்" என்று பிடுங்கிக்கொண்டார்.

"மின்விசிறியைப் போட்டிருந்தா ஆதாரம் ஆதாரமாவே இருந்திருக்கும்."

பூதக்கண்ணாடி தாளை வாங்கிப் பார்த்தாள். சன்னமான பென்சில் கோடு, மேலே ஒரு 5. சண்டைக்கு இடமே இல்லாத 5.

"நீ எப்படி வேலை செய்வ, காட்டு" என்றாள் பெண்ணிடம்.

அங்கேதான் விஷயம் இருந்தது. மற்ற அச்சகங்களில் தாளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்து அடிப்பார்கள். குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது என்று இந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தாளை உறையிலிருந்து எடுப்பாள், ஸ்கேனரில் கவிழ்த்து வைப்பாள். படம் திரையின் இடது பாதியில் வந்து நிற்கும். அதைப் பார்த்து வலது பாதியில் அடிப்பாள். தாள் நேராக முதலாளியின் அலமாரிக்குப் போய்விடும்.

"ஒரு நாளைக்கு நாப்பது தாள்க்கா. வேகமா முடியும். முதலாளியே எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வாரு."

"சொன்னேன். அப்ப சொன்னேன்" என்றார் சிக்கனம்.

அவள் அன்றைய கோப்பைத் திறந்தாள். கறுப்பு வெள்ளைத் திரையில் தாள் பளிச்சென்று எழுந்தது. 'குழந்தைகளுக்கு 10 மில்லி.' பென்சில் இல்லை. 5 இல்லை.

"முடிஞ்சுது" என்றேன். "ஸ்கேன் பண்றப்ப பென்சில் இல்ல. பின்னால யாரோ எழுதியிருக்காங்க. வீட்டுக்குப் போலாமா?"

பூதக்கண்ணாடி ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தாள். "ஏதாவது வரைங்க. லேசா."

எதிரில் முதலாளி இருந்தார். அவரை வரைந்தேன். மீசை நன்றாக வந்தது. அந்தப் பெண் அதை ஸ்கேனரில் வைத்தாள். இயந்திரம் முனகிக்கொண்டே ஒரு நடை போய் வந்தது. திரையில் வெறும் வெள்ளைத் தாள் வந்து நின்றது. மீசையின் ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.

"என்னங்க, முதலாளியைக் காணோம்" என்றாள் பூதக்கண்ணாடி.

பெண்ணின் முகம் வெளுத்தது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. இந்தத் திரைக்கு இரண்டே நிறம்தான் தெரியும். பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தால் கறுப்பு என்று காட்டும். பாதிக்குக் கீழே என்றால் வெள்ளை என்று தள்ளிவிடும். பென்சில் அதன் கண்ணில் படவே படாது. அப்படியென்றால் திருத்தம் தாளில் இருந்திருக்கலாம். இந்தப் பெண் திரையை மட்டும் நம்பி, அதைப் பார்க்காமல் அடித்திருக்கலாம்.

"அப்ப நான்தானாக்கா?"

அவளைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியைக் காசு வாங்காமலே உடைத்திருந்தோம். சிக்கனம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் சொன்னேன்ல அம்மா. தாளைப் பாக்காதது அவ தப்பு."

"இந்தத் திரையை வாங்கினது யாரு?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

"எழுத்து அடிக்க இது போதாதா?"

"போதும், போதும்" என்றேன். "எங்க வீட்லயும் ஒருத்தங்க அப்படித்தான் சொல்றாங்க."

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. திரையில் இருந்த கோப்புகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஐந்நூத்து நாப்பதுனு இருக்கே, அது என்ன?"

"கோப்போட எடைக்கா. வட்டுல அடைக்கிற இடம்."

"இந்த அளவுத் தாளுக்கு அவ்வளவு வேணுமா?"

பெண் விரல்விட்டு எண்ணினாள். அவள் குரல் முதல்முறையாகத் தொழில் தெரிந்தவளின் குரலாக மாறியது. "கறுப்பா வெள்ளையானு மட்டும் எழுதி வச்சா நூத்து முப்பத்தாறு போதும். இது... நாலு மடங்கு."

"மீதி மூணு பங்குல என்ன இருக்கு?"

பெண் திரும்பி ஸ்கேனரைப் பார்த்தாள். ஸ்கேனரைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து அதன் அமைப்பை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்குத் தாளில் இருக்கும் சாம்பல் நிறங்களையும் சேர்த்து விழுங்கி வைத்திருக்கிறது. கோப்புக்குள் எல்லாம் இருக்கிறது. காட்டத்தான் திரைக்குத் துப்பு இல்லை.

"ஒரு ஃபிளாப்பியில இந்தக் கோப்பையும் போடு, மீசைக்காரரையும் போடு" என்றாள் அவள்.

*

கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மூன்று வாரமாக எங்கள் சண்டைக்கு நடுவர் அவர்தான்.

"முடிவு பண்ணிட்டீங்களாம்மா? கறுப்பு வெள்ளைதானே?"

"சாம்பலை ஓட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். இந்த மாதிரி வெற்றி நேரங்களில் கூரையைப் பார்ப்பது உடம்புக்கு நல்லது.

முதலில் மீசையைத் திறந்தார். மெதுவாக, மேலிருந்து கீழே, ஈரத்தில் ஊறி வருவதுபோல, நான் வரைந்த முதலாளி சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பென்சில் கோடும் இருந்தது. நான் அழித்துவிட்டு மறுபடி வரைந்த காதின் பழைய கோடுகூட இருந்தது.

"இந்தத் திரைக்குப் பென்சில் தெரியுது" என்றாள் பூதக்கண்ணாடி. "இப்ப மருந்தைத் திறங்க."

மருந்துத் தாள் வந்தது. மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். 'குழந்தைகளுக்கு 10 மில்லி.' 10 முழுதாக இருந்தது. அதன்மேல் கோடு இல்லை. மேலே 5 இல்லை. சாம்பல்கூட இல்லை.

"காலையிலயே நான் என்ன சொன்னேன்? பின்னால எழுதினதுனு சொன்னேனா இல்லையா? நான் சொன்னதைக் கேட்டிருந்தா இந்நேரம் வீட்ல சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கலாம்."

"நீங்க சொன்னது சரி. ஆனா தெரியாம சொன்னீங்க. இப்ப தெரிஞ்சு சொல்றோம்." திரையை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. "இது என்னங்க?"

தாளின் நடுவில், இடமிருந்து வலமாக, மயிரிழை போல ஒரு சாம்பல் கோடு ஓடியது.

"தூசி" என்று சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. கடைக்காரர் பக்கத்தை மேலே நகர்த்தினார். கோடும் கூடவே மேலே போனது. ஆக, அது கண்ணாடியில் இல்லை, தாளில் இருந்தது.

அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "காலையில அந்த மூலத் தாளை வச்சு விசிறினீங்களே. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அப்பளம் மாதிரி மொடமொடனு. ஏன்?"

அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் எங்கோ ஒருவருக்கு வியர்க்கப் போகிறது என்று அர்த்தம். "கடைக்காரரே, இந்த முழு ஏற்பாட்டையும் ஒரு மணி நேரம் கடனா குடுப்பீங்களா? அச்சகத்துல காட்டணும். அவர்கிட்ட மூணு திரை இருக்கு. மூணும் பழசு."

கடைக்காரர் கைவண்டியைத் தேடி ஓடினார்.

வழியில் தூறல் பிடித்தது. கடைக்காரர் வண்டியை இழுத்தார். நான் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் குடையை விரித்து மானிட்டருக்குப் பிடித்தாள்.

"நானும் நனையறேன்."

"நீங்க காஞ்சுடுவீங்க. அது காயாது."

*

நாலே முக்காலுக்கு மேனேஜர் முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தார். வழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தோல்பை, கையில் ஒரு சின்ன உறை. மேஜைமேல் கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வழியில் என் சந்தேகத்தை அவளிடம் சொல்லியிருந்தேன்: சிக்கனம்தான் ஆள். அலமாரிச் சாவி அவரிடம், பென்சில் அவரிடம், கடிதம் கொடுக்க அவசரமும் அவருக்குத்தான். அவள் "ம்" என்றாள். சம்மதமா, தும்மலா என்று தெரியவில்லை.

மூலையில் கம்ப்யூட்டரை மாட்டிக்கொண்டிருந்த கடைக்காரரை மேனேஜர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இவங்க யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரங்க" என்றேன். "புதுத் திரை வந்திருக்கு, வேடிக்கை பாக்க வந்தோம்."

பூதக்கண்ணாடி சாவகாசமாக உட்கார்ந்தாள். "கையில என்ன சார், அடுத்த வேலையா?"

"ஆமா. காய்ச்சல் மருந்துக்கு. கடிதம் கைக்கு வந்தா இதைக் குடுத்துட்டுப் போலாம்னு." சிக்கனத்தைப் பார்த்து ஆதரவாகச் சிரித்தார். சிக்கனம் உறையைப் பசியோடு பார்த்தார். அவருடைய அவசரத்துக்குக் காரணம் அந்த உறைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்பவும் இந்த மாதிரி உறையிலதான் வருமா?"

"கம்பெனி உறை மேடம். இந்த ஒரே அளவுதான். பத்து வருஷமா."

"சின்னதா இருக்கே. தாள் உள்ள போகுமா?"

"ரெண்டா மடிச்சா போயிடும்." அவரே எடுத்துக் காட்டினார். தாள் நடுவில் மடிந்திருந்தது. விரித்து மேஜைமேல் வைத்தார். மடிப்பு முகடுபோல எழுந்து நின்றது.

"நன்றி சார். இப்ப அந்தப் பழைய மூலத் தாளை எடுங்க, முதலாளி."

சிக்கனம் எடுத்து வைத்தார். பென்சில் திருத்தத்தோடு, தட்டையாக, மொடமொடவென்று கிடந்தது. பூதக்கண்ணாடி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது எப்படி சார் அந்த உறைக்குள்ள போச்சு?"

மேனேஜரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால்தான் யாரும் இல்லை. "அலமாரியில அழுந்தி நேராயிருக்கும்."

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் அவள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். "நீ வாம்மா. உன் ஃபிளாப்பிகளைக் கொண்டு வந்து இந்தத் திரையில காட்டு."

பெண் உட்கார்ந்தாள். அந்தத் தாளைத் திறந்தாள். 10 வந்தது. அதன்மேல் எதுவும் இல்லாததைப் பார்த்து அவள் கை ஒரு கணம் நின்றது. நடுவில் சாம்பல் கோடு வந்தது.

"இதுதான் மடிப்பு" என்றாள் பூதக்கண்ணாடி.

"திரையில கீறல்" என்றார் மேனேஜர்.

அடுத்ததை யாரும் பெண்ணுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கம்பெனிக்கு அதற்கு முன்னால் செய்த வேலையைத் திறந்தாள். நடுவில் சாம்பல் கோடு. அதற்கு முந்தையது. கோடு. ஐந்து வேலைகளை வரிசையாகத் திறந்தாள். ஐந்திலும் அதே இடத்தில் கோடு. பிறகு எழுந்து, முதலாளியைக் கேட்காமலே அலமாரியைத் திறந்து, அந்த ஐந்து மூலத் தாள்களையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஐந்தும் நடுவில் மடிந்திருந்தன. இரண்டு வருடப் பழைய தாளின் மடிப்புகூட அழுந்திவிடவில்லை.

"என் திரையில இந்த மடிப்பை நான் ஒரு நாளும் பாத்ததில்ல சார்" என்றாள். "எப்பவும் வெள்ளையாத்தான் இருக்கும். உங்களுக்கும் அது தெரியும். 'உங்க திரைக்குக் கண்ணு சரியில்ல, பென்சில்ல எழுதி அனுப்பினா போச்சு'னு நீங்கதான் ஒரு தடவை கிண்டல் பண்ணீங்க. அது ஏன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரியுது."

மீதியைப் பூதக்கண்ணாடி சொன்னாள். கம்பெனி ஒவ்வொரு தாளையும் இரண்டு படி தட்டச்சு செய்யும்; காப்பீட்டு வேலையில் எல்லாக் கம்பெனிகளிலும் அவள் பார்த்த வழக்கம் அது. ஒன்று மடித்து உறைக்குள் அச்சகத்துக்கு. இன்னொன்று மடிக்காமல் கம்பெனியின் கோப்புக்கு. தப்பு இரண்டிலும் இருந்தது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்ததும், மேனேஜர் தன் படியில் பென்சிலால் திருத்தி எடுத்துக்கொண்டு வந்தார். மூலத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்.

"முதலாளி எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது பென்சில எடுத்து எழுத முடியாது. ஆனா மடியில தோல்பை இருந்தா ரெண்டு தாளை மாத்திடலாம். எழுத்துலேர்ந்து புள்ளி வரைக்கும் எல்லாத்தையும் யோசிச்சீங்க சார். மடிப்பை யாரு யோசிப்பா? அதைக் காட்டற திரைகூட இந்தக் கட்டடத்துல இல்ல."

மேனேஜர் மேஜைமேல் இருந்த தன்னுடைய புதுத் தாளை எடுத்து, பழக்க தோஷத்தில் நடுவில் மடித்தார். மடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று பார்த்தார். "பெரியவங்க அளவை அடிச்சுட்டு, குழந்தைங்களோடதை மாத்த மறந்துட்டேன்" என்றார். பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. "அவ்வளவுதான். மறந்துட்டேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள் பூதக்கண்ணாடி. "இப்ப எழுத்துல சொல்லுங்க. உங்க கம்பெனிக்கும், அந்தக் குழந்தை வீட்டுக்கும்."

சிக்கனம் தன் கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று பார்த்தேன். நான்காக மடித்து, முதுகு வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறிப்புத் தாள்களோடு சேர்த்து வைத்தார்.

"நீங்கதான்னு நான் நினைச்சேன்" என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"என்னையா?"

"பரிகாரமா ஒண்ணு தரேன்." கடைக்காரரிடம் மீசைப் படத்தைத் திறக்கச் சொன்னேன். முதலாளி தன்னைப் பதினாறு சாம்பல் நிறங்களில் முதல்முறையாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். காது மூன்றாக இருப்பதைக்கூட அவர் சொல்லவில்லை.

"இது ஒண்ணு இங்க இருக்கட்டும்" என்றார் கடைக்காரரிடம். "ஒண்ணே ஒண்ணு."

கடைக்காரர் எங்களை வணங்கினார்.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது பெண் பின்னாலேயே வந்தாள். மேஜைமேல் அத்தனை தைரியமாகத் தாள்களை அடுக்கியவள், இப்போது காலையில் வந்த மாதிரியே நின்றாள்.

"அக்கா, பென்சில் திருத்தம் நிஜமாவே இருந்திருந்தா... நான் பாத்திருக்க மாட்டேன்தானே?"

நான் ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லி அதைக் கடத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பூதக்கண்ணாடி முந்திக்கொண்டாள்.

"பாத்திருக்க மாட்ட."

பெண் தலையசைத்தாள்.

"அதனால நாளையிலேர்ந்து தாளைக் கையில எடுத்து ஒரு தடவை படி. அப்புறம் மெஷினுக்குக் குடு. புதுத் திரை வந்தாலும் படி. ஆனா அந்தக் குழந்தைக்கு நடந்தது உன்னால இல்ல. நடந்தது வேற, நடந்திருக்கக்கூடியது வேற. ராத்திரி ரெண்டையும் ஒரே பாயில படுக்க வைக்காத."

"சரிக்கா" என்றாள். உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள். "அந்தக் கோட்டை இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்" என்று எங்களிடம் அனுமதி கேட்பதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி போனாள்.

தூறல் நின்றிருந்தது. தெரு முனைவரை நான் எதுவும் பேசவில்லை. முப்பது வருடக் கல்யாணத்தில் ஒரு விவாதத்தில் ஜெயித்தவன் அவசரப்படக் கூடாது.

"சொல்லித் தொலைங்க" என்றாள்.

"நான் என்ன சொல்லப் போறேன்? எழுத்து கறுப்பு, தாள் வெள்ளை. அறிக்கை அடிக்க அது போதாதா?"

"போதும். இப்பவும் சொல்றேன், அறிக்கை அடிக்க அது போதும், அதுதான் நல்லதும்கூட." கொஞ்ச தூரம் நடந்தாள். "ஆனா நம்மகிட்ட வர்றது அடுத்தவங்க கைபட்ட தாள். மடிச்சது, கசக்கினது, அழிச்சது, அழுதது. அதுக்குச் சாம்பல் வேணும். போய்ச் சொல்லிட்டு வாங்க. இன்னிக்கு நனைஞ்சதையே குடுக்கச் சொல்லாதீங்க."

மறுவாரம் அது எங்கள் முன்னறைக்கு வந்தது. நான் சொன்னபடியே முதல் வேலையாக அவள் போட்டோவை ஸ்கேன் செய்தேன். முகம் மங்கலாக இருக்கிறது என்று வெளிச்சக் குமிழை முழுக்கத் திருப்பினேன். சாம்பல் நிறங்கள் எல்லாம் வெளுத்து, அவள் நெற்றியும் கன்னமும் ஒரே சுண்ணாம்பாகிவிட்டன.

"இதுக்குக் கறுப்பு வெள்ளையே வாங்கியிருக்கலாம்" என்றாள். குமிழைப் பின்னால் திருப்பிக்கொண்டே வந்தாள். கன்னத்து மச்சம் வந்ததும் நிறுத்தினாள். மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, குமிழின் மேட்டுக்கு நேராக மானிட்டரின் சட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். "இதைத் தாண்டித் திருப்பக் கூடாது."

அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் கலர் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர் இரண்டு முறை பழுதாகி உள்ளே எல்லாம் மாற்றினார்கள். திரையை மட்டும் அவள் மாற்ற விடவில்லை. பன்னிரண்டு வருடம் அதில் அறிக்கை அடித்தாள். பக்கத்தைத் தள்ளுவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றிக் கடைசிவரை குறை சொன்னாள்.

இன்று காலையும் துடைத்தேன். சட்டம் மஞ்சள் பூத்துவிட்டது. துணி பட்டுப் பட்டுப் பென்சில் கோடு மங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தெரிகிறது. குமிழ் கோட்டுக்கு நேராகத்தான் இருக்கிறது.